வழுக்காத ஸ்டாண்டு

அந்தத் தையல் கம்பெனியில் அவளுக்கு ஸ்டாண்டு அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தோளில் மூன்று கால் ஸ்டாண்டும் கையில் பெட்டிக் கேமராவுமாக மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க நின்று, "லிஃப்ட்டு எதுக்கு வச்சிருக்கீங்க, அழகு பாக்கவா?" என்று முதல் நாளே சண்டை போட்ட ஒருத்திக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஐம்பத்திரண்டு வயது. ஆள் குள்ளம், வாய் நீளம்.

கட்டடங்களைப் படம் எடுப்பதுதான் அவள் பிழைப்பு. மனிதர்களைப் படம் எடுப்பது அவளுக்கு ஆகவே ஆகாது. சிரிக்கச் சொன்னால் முறைப்பார்கள், அசையாதே என்றால் அப்போதுதான் மூக்கு அரிக்கும். சுவருக்கு அந்தத் தொல்லை கிடையாது. பாலம், பழைய மாளிகை, இடிக்கப்போகிற தியேட்டர் என்று எதையாவது உள்ளது உள்ளபடி பதிந்து வைக்க வேண்டுமென்றால் அவளைக் கூப்பிடுவார்கள்.

அவளுடைய கேமரா சட்டைப்பையில் போடுகிற ரகம் அல்ல. முன்னால் லென்ஸ், பின்னால் தேய்த்த கண்ணாடி, நடுவில் துருத்தி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடியில் தலைகீழாகத் தெரிகிற உருவத்தைப் பார்த்துச் சரிசெய்து, உள்ளங்கை அகல ஃபிலிம் தாள் ஒன்றைச் செருகி, நாற்பது விநாடி திறந்து வைக்க வேண்டும். அந்த நாற்பது விநாடியும் ஸ்டாண்டு ஆடக்கூடாது. ஆடாமல் நின்றால் சுவரில் தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் படத்தில் தெரியும்.

அவளும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இரண்டு அறை, ஒரு குளியலறை. அந்தக் குளியலறைதான் ஃபிலிம் கழுவுகிற இருட்டறையும். தங்கை பத்து வயது இளையவள். அதே தையல் கம்பெனியில் மூன்றாவது மாடியில் ஜன்னல் ஓரத்து மிஷின் வரிசைக்கு, ஜன்னல் லைனுக்கு, சூப்பர்வைசர். வேலை விட்டு வந்து குளிக்கப் போனால் கதவு உள்பக்கம் தாழ்போட்டிருக்கும்.

"அக்கா, உன் சுவரையெல்லாம் குளிப்பாட்டி விட்டாச்சுன்னா நான் கொஞ்சம் குளிக்கட்டுமா?"

"பத்து நிமிஷம்டீ. கதவத் திறந்த, அவ்ளோதான்."

இப்படித்தான் இருவருக்கும் பொழுது போகும். சண்டை போடாத நாளில் இருவரில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

கம்பெனி வேலையை அக்காவுக்குப் பிடித்துக் கொடுத்ததே தங்கைதான். பக்கத்து மனையில் நாலு அடுக்கு ஆழத்துக்குக் கார் நிறுத்தக் குழி தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். தோண்ட ஆரம்பித்த இரண்டாவது வாரம், மூன்றாவது மாடியின் உள்பக்கச் சுவரில், தூணுக்குப் பக்கத்தில், மேலிருந்து கீழாக ஒரு விரிசல் யாரோ ஒருத்தி கண்ணில் பட்டது. பட்டது போதாதா? மறுநாள் பாதி லைன் மாடி ஏற மாட்டேன் என்று கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. மேலாளர் கெஞ்சிப் பார்த்தார், கத்திப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் கேட்டதற்கு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்திலிருந்து அந்தச் சுவரைத் துல்லியமாகப் படம் எடுத்து அனுப்புங்கள், விரிசல் வளர்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள்.

"எங்க அக்கா எடுப்பா" என்றாள் தங்கை. கேட்டில் உட்கார்ந்திருந்தவர்களிடமும் போய்ச் சொன்னாள். "எங்க அக்கா கண்ணுக்கு எதுவும் தப்பாது. அவ சரின்னா சரி. நான் முதல்ல ஏறுறேன், வாங்க."

ஏறினார்கள். நூற்று நாற்பது பெண்கள்.

விரிசல் சுவர் முழுவதும் படத்துக்குள் அடங்க வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம், ஜன்னல் ஓரமாக, குழியைப் பார்த்த பக்கம்தான் கேமராவை வைக்க முடியும். ஸ்டாண்டின் மூன்று காலும் ஊன்றுகிற இடத்தில் தரையில் மூன்று சிவப்புப் பொட்டு வைத்தாள். ஒரு கால் ஜன்னல் பக்கம், இரண்டு கால் சுவர் பக்கம். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே போனதும் மிஷின்கள் நிற்கும்; அப்போதுதான் எடுப்பாள். முதல் படம் பார்த்த பொறியாளர் அலுவலகம் அசந்துபோனது. விரிசலுக்குள் இருந்த சிலந்தி வலைகூடத் தெரிந்ததாம்.

அதற்குப் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு படம், ஒரு கடிதம். கடிதத்தில் ஒரே வரிதான்: மாற்றம் இல்லை. மேலாளர் ஒவ்வொரு படத்தையும் பெரிதாகப் போட்டு, அந்தக் கடிதத்தோடு, மாடிப்படியின் கீழே வரிசையாக மாட்டினார். பெண்கள் தினமும் அதைப் பார்த்துவிட்டு மேலே போனார்கள். சிலர் அவளைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "உங்க புண்ணியத்துல பயமில்லாம தைக்கிறோம் அக்கா" என்பார்கள். அவளும் மனிதப் பிறவிதானே, உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள்.

ஒரே ஒரு உபத்திரவம், அந்தப் பழைய ஸ்டாண்டு. அலுமினியக் குழாய் ஸ்டாண்டு, பதினெட்டு வருடமாக அவளோடு அலைந்தது. இரண்டாவது தடவை போய்ப் பொட்டு மேல் காலை ஊன்றி, கேமராவின் தலையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால், நடுவில் இருக்க வேண்டிய குமிழி சுவர் பக்கமாக நகர்ந்திருந்தது. ஜன்னல் பக்கத்துக் கால் குட்டையாகிவிட்டது என்று அர்த்தம். "கிழடு தட்டிப்போச்சு உனக்கு, வழுக்க ஆரம்பிச்சிட்டியா?" என்று அதைத் திட்டிவிட்டு, திருகைத் தளர்த்தி, அந்தக் காலை ஒரு நெல்மணியின் கனம் நீட்டி இறுக்கினாள். குமிழி நடுவுக்கு வந்தது. கண்ணாடியில் கோடு போட்டிருந்த இடத்தில் தூண் கச்சிதமாக உட்கார்ந்தது. படம் எடுத்தாள்.

மூன்றாவது தடவையும் அதே கால். மறுபடி ஒரு நெல் கனம். அதற்கடுத்த தடவையும் அப்படியே. படம் எடுக்கிற எவரும் செய்கிற வேலைதான் இது. கேமரா சாய்ந்தால் காலை ஏற்றுவார்கள், இதற்குப் போய் யார் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வார்கள்? ஆறு தடவை ஏற்றினாள். ஆறு தடவையும் ஸ்டாண்டைத்தான் திட்டினாள்.

ஆறாவது தடவை ஏற்றி எடுத்த படம் கலங்கியிருந்தது. விரிசலின் ஓரம் இரட்டையாகத் தெரிந்தது. அன்று பக்கத்துக் குழியில் தோண்டுகிற இயந்திரம் சாப்பாட்டு நேரத்திலும் நிற்கவில்லை. உங்கள் கேமரா ஆடுகிறது, உறுதியான ஸ்டாண்டு பயன்படுத்தவும் என்று பொறியாளர் அலுவலகத்திலிருந்து எழுதிவிட்டார்கள். முப்பது வருடத்தில் அவளிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அவள் மதியம் சாப்பிடவே இல்லை.

மறுநாளே ஸ்டாண்டு வாங்கக் கிளம்பினாள். தங்கைக்கு அன்று விடுமுறை, அவளும் ஒட்டிக்கொண்டாள்.

முதலில் போனது பெரிய கேமரா கடை. விற்பனை செய்கிறவர் கரிய நிறத்தில் பளபளவென்று ஒன்றை எடுத்து, ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினார்.

"இறகு மாதிரி இருக்கும் பாருங்க அக்கா. கார்பன். எங்க வேணா தூக்கிட்டுப் போகலாம்."

"நான் தூக்கிட்டுப் போறது இருக்கட்டும். காத்து தூக்கிட்டுப் போயிடாதா?" என்றாள். "என் கேமரா அஞ்சு கிலோ. துருத்திய நீட்டினா மூக்கு முன்னால ஒரு முழம் தொங்கும். இது தாங்குமா?"

"பத்து கிலோ தாங்கும்னு போட்டிருக்காங்க."

"தாங்கும்னா, ஒடியாது. ஆடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

அவள் பையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தாள். தண்ணீர் கேட்டு வாங்கி, விளிம்புவரை ஊற்றி, ஸ்டாண்டின் தலைமேல் வைத்து, காலை விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணினாள். ஒன்பதில்தான் அடங்கியது. கடைக்குள் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தங்கை நாலு அடி தள்ளிப் போய் நின்று, இவள் யாரோ என்பதுபோல் லென்ஸ் மூடிகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அடுத்தது நடுவில் குழாய் ஏறுகிற ரகம். உயரம் வேண்டுமென்றால் குழாயைச் சுழற்றி மேலேற்றலாம். அதைப் பார்த்ததும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "மூணு கால் எதுக்கு? நிலையா நிக்க. அதுக்கு மேல ஒத்தக் குச்சிய நட்டு அதுல கேமராவ வச்சா, அப்புறம் மூணு கால் இருந்து என்ன புண்ணியம்?" இன்னொன்றுக்குக் கால் நாலு மடிப்பு. ஒவ்வொரு மடிப்பும் ஒரு மூட்டு, ஒவ்வொரு மூட்டும் ஒரு ஆட்டம் என்று அதையும் தள்ளினாள். இன்னொன்றின் தலையைப் பிடித்துத் திருகினாள். கொர்ரென்று ஒரு நூல் அளவு நகர்ந்தது. தள்ளினாள். மதியம் ஆனபோது விற்பனைக்காரரின் முகத்தில் களை இல்லை.

"நிலம் அளக்கிற சாமான் விக்கிற கடைக்குப் போங்க" என்றார் அவர், எப்படியாவது தொலைந்தால் போதும் என்று. அது உண்மையிலேயே நல்ல யோசனை.

அந்தக் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. சங்கிலி, அளவுக் கோல், ரசமட்டம் எல்லாம் தூசியோடு தொங்கின. மூலையில் மரத்தால் செய்த ஒரு ஸ்டாண்டு நின்றது. ஒவ்வொரு காலுக்கும் இரண்டு தடித்த சட்டம், நடுவில் சறுக்கி இறங்குகிற மூன்றாவது சட்டம், மொத்தமே ஒரு மடிப்பு. இறுக்குவதற்கு உள்ளங்கை நிறைகிற பித்தளைத் திருகு. காலின் பக்கவாட்டில் மில்லிமீட்டர் கணக்கில் பித்தளை அளவுகோல் பதித்திருந்தது. அடியில் இரும்புக் கூர். தலை சாப்பாட்டுத் தட்டு அகலம்.

டம்ளரை வைத்துச் சுண்டினாள். ஒன்று என்று எண்ணி முடிப்பதற்குள் தண்ணீர் அடங்கிவிட்டது. மரம் அந்த அதிர்வை உறிஞ்சிக்கொண்டது. குதிகாலால் தரையை உதைத்துப் பார்த்தாள். இரண்டு கையையும் தலைமேல் ஊன்றித் தொங்கிப் பார்த்தாள். அவள் தொங்கினாளே தவிர அது அசையவில்லை.

"திருகு வழுக்குமா?" என்று கேட்டாள்.

கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "மலை அளக்கிறவங்க தூக்கிட்டுப் போறதும்மா இது. வெயில், மழை எல்லாம் பாத்தது. வழுக்கினா இங்க கொண்டு வாங்க, திருப்பி எடுத்துக்கிறேன். இதுவரைக்கும் யாரும் கொண்டு வந்ததில்ல."

"கல்லு மாதிரி கனக்குது" என்றாள் தங்கை, ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து. "அக்கா, இத மூணு மாடி நீ தூக்குவியா? இடுப்பு ஒடிஞ்சு போச்சுன்னா உனக்கு ஸ்டாண்டு நான்தான் வாங்கித் தரணும்."

"நீ எதுக்கு இருக்க? ஒரு கால நீ பிடி."

அப்படியே பிடித்தாள், பாவம். அடுத்த முறை கம்பெனிக்குப் போனபோது இரண்டு பேருமாகத்தான் தூக்கி ஏற்றினார்கள். கூர் தரையைக் கீறாமல் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பித்தளை வில்லை வைத்து, அதே சிவப்புப் பொட்டுகளில் ஊன்றினாள். குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, மூன்று திருகையும் பல்லைக் கடித்து இறுக்கி, மூன்று காலின் அளவையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். படம் அப்பழுக்கில்லாமல் வந்தது. மாற்றம் இல்லை என்று கடிதம் வந்தது. மேலாளர் அதையும் மாட்டினார்.

பதினைந்து நாள் கழித்து மறுபடி போனாள். செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரம். நோட்டில் இருந்த அதே அளவுக்கு மூன்று காலையும் வைத்து, அதே பொட்டில் ஊன்றி, ரசமட்டத்தை எடுத்து வைத்தாள்.

குமிழி சுவர் பக்கமாக நகர்ந்திருந்தது.

கை பழக்கத்தில் ஜன்னல் பக்கத்துத் திருகுக்குப் போய்விட்டது. போன கை அங்கேயே நின்றது. அளவை மறுபடி பார்த்தாள். ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. ரசமட்டத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். குமிழி மறுபடி சுவர் பக்கமே போனது. ஏன் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் படம் எடுக்கவில்லை. ஃபிலிம் சரியில்லை, நாளைக்கு வருகிறேன், ஸ்டாண்டு இப்படியே இருக்கட்டும், யாரும் தொட வேண்டாம் என்று மேலாளரிடம் ஒரு பொய்யைச் சொன்னாள். கேமராவை மட்டும் கழற்றி எடுத்து, ரசமட்டத்தை ஸ்டாண்டின் தலைமேலேயே வைத்து, அதன் கண்ணாடியில் குமிழியின் ஓரத்தைப் பேனாவால் குறித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் கட்டிலுக்கு அடியில் பழைய அலுமினிய ஸ்டாண்டு கிடந்தது. அதை இழுத்து எடுத்து, நிறுத்தி, நடுவில் இரண்டு தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டாள். மூன்று காலிலும் மூட்டு சேர்கிற இடத்தில் பென்சிலால் கோடு கிழித்தாள். இந்தச் சோதனையை மூன்று மாதத்துக்கு முன்னாலேயே செய்திருக்கலாம். செய்யவில்லை. வயதான ஸ்டாண்டு, வழுக்கத்தான் செய்யும் என்று அவளாகவே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"குடிக்கத் தண்ணி இல்லாம ஸ்டாண்டுக்குக் கட்டி வச்சிருக்கியே, அதுக்கு என்ன தாகமா?" என்றாள் வேலையிலிருந்து வந்த தங்கை. அக்கா பதிலுக்குத் திட்டவில்லை. தங்கை அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

சொல்லியிருக்கலாம். ஆனால் நிச்சயமாகத் தெரியாமல் வாயைத் திறந்து, நூற்று நாற்பது பேரின் பிழைப்பில் மண்ணைப் போடுவதா என்று நினைத்தாள். காலையில் கோட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தாள். காலையில் அவள் எழுந்து பார்த்தபோது மணி ஏழேகால். பென்சில் கோடு மூன்றும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. ஒரு இழைகூட நகரவில்லை. அந்தப் பழைய ஸ்டாண்டு எந்தக் காலத்திலும் வழுக்கியதே இல்லை.

தங்கை ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விட்டிருந்தாள்.

அக்கா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். தங்கையின் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மிஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கம்பெனி வாசலில் ஒரு கணம் நின்றாள். பக்கத்துக் குழியில் சத்தமே இல்லை. தோண்டுகிற இயந்திரம் ஒரு ஓரமாக நின்றது. ஆள் ஒருத்தரும் இல்லை. குழியின் அடியில், நேற்று மண்ணாக இருந்த இடத்தில், கலங்கலாகத் தண்ணீர் நின்றது.

மூன்று மாடியும் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. மூன்றாவது மாடியில் வழக்கம்போல மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டு அவள் விட்டுப்போன இடத்தில் நின்றது. குனிந்து ரசமட்டத்தைப் பார்த்தாள். குமிழி பேனாக் குறியைத் தாண்டி, கண்ணாடியின் கடைசி விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து நாளில் நகர்ந்ததைவிட ஒரே ராத்திரியில் அதிகம் நகர்ந்திருந்தது.

"வந்துட்டீங்களா மேடம்?" மேலாளர் கையில் தேநீரோடு வந்தார். "இன்னைக்காவது படம் எடுத்துடுங்க. சரக்கு வாங்குறவங்க வர்றாங்க, புதுப் படத்தையும் மாட்டிடலாம்."

"சார், எல்லாரையும் கீழ அனுப்புங்க. தரை இறங்குது."

மேலாளர் அவளையும் ரசமட்டத்தையும் பார்த்தார். பிறகு சிரித்தார். "பயந்தே போயிட்டேன். அந்தக் கால கொஞ்சம் ஏத்தி விட்டு எடுங்க மேடம். எப்பவும் அதானே பண்ணுவீங்க? நான் பாத்திருக்கேனே."

யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அதற்குள் தங்கை ஓடி வந்துவிட்டாள்.

"அக்கா, என்ன இது, தலை கூட வாரல..."

"ஏய், இங்க தரை சாயுதா? உனக்கு எதாவது தெரிஞ்சுதா? நெஜமா சொல்லு."

தங்கை விழித்தாள். "நூல் சுத்துன பாபின் கீழ விழுந்தா ஜன்னல் பக்கமா ஓடும். ஓடிப் பிடிக்க ஒரு ஆளு வைக்கணும்னு கிண்டல் பண்ணிப்போம். மிஷின் காலுக்குக் கீழ எல்லாரும் துணிய மடிச்சு வச்சிருக்கோம். தரை எப்பவும் இப்படித்தான் போலன்னு..."

"இத ஏண்டீ வீட்டுல சொல்லல?"

"நீதான மாற்றம் இல்லன்னு படம் எடுத்துக் குடுத்த?" என்றாள் தங்கை. "உன் படத்த நம்புறதா, என் கால நம்புறதா?"

அக்கா ஸ்டாண்டின் ஜன்னல் பக்கத்துக் காலைத் தொட்டுக் காட்டினாள். "நான் படம் எடுத்தது எதிர்ச் சுவர. அது நல்லாத்தான் இருக்கு. இறங்குறது நான் நின்ன இடம். ஒவ்வொரு தடவையும் இந்தக் கால ஏத்தித்தான் எடுத்தேன். ஸ்டாண்டு வழுக்குதுன்னு நெனச்சேன். ஆறு தடவை. தப்பு பண்ணிட்டேன்."

"மொத்தமா எவ்வளவு ஏத்துன?"

ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்துக் காட்டினாள். "இந்த அகலம்."

"உன் ஸ்டாண்டு கால் விரிஞ்சு நிக்கிறது?"

"ஒரு மீட்டர்."

தங்கை இருபது வருடமாகத் துணி வெட்டுகிறவள். மேலே ஒரு நூல் கோணினால் கீழே ஓரத்தில் எவ்வளவு கோணும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவரிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள். "ஒரு மீட்டருக்கு ஒரு விரல்" என்றாள் மெதுவாக. "இது எட்டு மீட்டர்." தன் இரண்டு கையையும் சேர்த்து வைத்து எட்டு விரலைப் பார்த்தாள்.

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கை அவரைத் தாண்டிப் போய், சுவரில் இருந்த பெரிய சுவிட்சைப் பிடித்து இறக்கினாள்.

மிஷின், மின்விசிறி, விளக்கு, மூலையில் காற்றடிக்கிற இயந்திரம் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அந்த அமைதியில்தான் அது எல்லோருக்கும் கேட்டது. ஜன்னல் பக்கத்துச் சுவருக்கு உள்ளிருந்து, பையிலிருந்து அரிசி கொட்டுகிற மாதிரி, சரசரவென்று ஏதோ விடாமல் உதிர்ந்துகொண்டிருந்தது. மேலாளரின் கையிலிருந்த தேநீர் அவர் சட்டையில் சிந்தியது. அவருக்கு அது தெரியவில்லை.

முதலில் எழுந்தவர்கள் வழக்கமான படிக்கட்டைப் பார்த்து ஓட முயன்றார்கள். அந்த அகலப் படிக்கட்டு ஜன்னல் பக்க மூலையில் இருந்தது.

"அந்தப் பக்கம் போகாதீங்க!" ஸ்டாண்டு அக்கா கத்திய கத்தலில் ஓடியவர்கள் நின்றார்கள். "பாரத்த அங்க கொண்டு போகாதீங்க. சுவர் பக்கம் வாங்க. தூண் பக்கம்."

"விரிசல் சுவர் பக்கமா?" என்று ஒருத்தி அலறினாள். நாலு மாதமாக அவர்கள் பயந்ததெல்லாம் அந்தச் சுவருக்குத்தான். யாரும் நகரவில்லை.

"அந்தச் சுவர் அசையல! எட்டு படம் எடுத்திருக்கேன், ஒரு மயிரிழை அசையல. எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். வாங்க!"

சுவருக்குப் பின்னால் ஒரு சின்னப் படிக்கட்டு இருந்தது. துணி மூட்டைகளை அடுக்கிக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். மேலாளர் சாவிக் கொத்தை நீட்டினார். அவசரத்தில் அது இரண்டு தடவை கீழே விழுந்தது. நாலைந்து பெண்கள் மூட்டைகளை இழுத்துப் போட்டார்கள். கதவு திறந்தது.

"பைய எடுக்காதீங்க. ஓடாதீங்க. ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர்" என்றாள் தங்கை. கடைசி லைன் வரைக்கும் எண்ணி எண்ணி இறக்கினாள். விரிசலைத் தொட்டுக்கொண்டே ஒவ்வொருத்தியும் கதவுக்குள் போனாள். சரசர சத்தம் பெரிதாகிக்கொண்டே இருந்தது. ஒரு ஜன்னல் கண்ணாடி தானாக வெடித்தது. மேலாளரும் இறங்கினார். கடைசியாக அக்கா தங்கையைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டுத் தானும் இறங்கினாள்.

தெருவின் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் தங்கை மறுபடி எண்ணினாள். மேலாளரைச் சேர்த்து, அக்காவைச் சேர்த்து, தன்னைச் சேர்த்து எண்ணினாள். எல்லோரும் இருந்தார்கள். கீழ்த் தளங்களில் வேலை செய்தவர்களும் கூச்சல் கேட்டு வெளியே வந்துவிட்டிருந்தார்கள். அவள் எண்ணி முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. குழியைப் பார்த்த பக்கம் முழுவதும், மூன்று மாடித் தரையோடு, ஜன்னலோடு, அகலப் படிக்கட்டோடு சரிந்து உள்ளே போனது. புழுதி தெருவை மூடியது. புழுதி அடங்கியபோது விரிசல் விட்ட அந்தச் சுவர் மட்டும் தனியாக நின்றது.

பெண்கள் அழுதார்கள். அழுதுகொண்டே ஸ்டாண்டு அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி காலைத் தொட்டாள், ஒருத்தி கட்டிக்கொண்டாள். "நீங்க இல்லன்னா நாங்க இல்ல அக்கா" என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவள் மரம் மாதிரி நின்றாள்.

தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. அக்காவின் கையைப் பிடித்தாள். எதையோ சொல்ல வந்தவள், இடிந்து கிடந்த ஜன்னல் லைனைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவள் நாலு மாதம் தினமும் பத்து மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஆறு தடவையா அக்கா?" என்று கேட்டாள்.